பண்டிகை நாட்களில் நோய்த்தொற்று வந்தால்: ஊராட்சி அறிவிப்பை ஊருக்குச் சேர்ப்பது எப்படி

குமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நான் செயலாளர். கடலோரத்தில் மீனவர் தெருக்கள், உள்ளே தள்ளி ரப்பர் விளைகள், நடுவில் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த வார்டுகள். கொரோனா காலத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வந்த நாட்களில் ஊருக்கு அறிவிப்பு எழுதுவதும், அது கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் என் பொறுப்பாக இருந்தது. இனி ஒரு தொற்று வராமல் இருக்கட்டும். வந்தால், புதிதாகப் பொறுப்பேற்கும் செயலாளர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், தெருவில் இறங்கி வேலை செய்யும் இளைஞர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பைக் கேட்ட வீட்டில் அன்று ராத்திரி ஒரு முடிவு எடுக்க முடிய வேண்டும். "மகன் துபாயிலிருந்து வருகிறான், எத்தனை நாள் வீட்டுக்குள் இருக்கணும்?" "ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம்?" "மீன் கிடைக்குமா, முந்தின நாளே வாங்கி வைக்கணுமா?" அலுவலகத்துக்கு வரும் போன் எல்லாம் இப்படித்தான் இருக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத அறிவிப்பை மைக்கில் எத்தனை தடவை சொன்னாலும் மறுபடியும் போன் வரும். அதனால் எழுத உட்காருவதற்கு முன், அன்று வந்த கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறிவிப்பில் என்னென்ன வர வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

யார் ஆணை, யார் அறிவிப்பு

ஊரடங்கு போடுவதும் தளர்த்துவதும் மத்திய, மாநில அரசுகள்தான். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் ஆணை வரும், மாவட்டத்தில் அதை நடைமுறைப்படுத்துவது கலெக்டர். முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று 2020-இல் வந்த அபராதம் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்தது. ஊராட்சி தன் இஷ்டத்துக்கு ஒரு தடையைப் போடவும் கூடாது, மேலே இருந்து வந்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவும் கூடாது. ஆர்வத்தில் சில ஊர்களில் முள்ளு வெட்டிப் போட்டுத் தெருவை அடைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அந்த முள்ளை எடுக்க யார் இருப்பார்கள்?

ஆனால் ஆணையில் இல்லாத ஒரு பாதி நம் கையில் இருக்கிறது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பை வண்டி பொங்கல் அன்றைக்கு வருமா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி எந்தக் கிழமை, ரேஷன் கடையில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் டோக்கன். இதை நம்மைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். டி.வி.யில் முதலமைச்சர் அறிவிப்பு வந்துவிடும். மேட்டுத்தெரு குழாயைப் பற்றி டி.வி.யில் வராது. 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்தபோது, நாளும் நேரமும் எழுதிய டோக்கனை வீடுவீடாகக் கொடுத்தார்கள். கடை வாசலில் நெரிசல் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தச் சீட்டில் இருந்த நேரம்தான். நம் அறிவிப்பும் அந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

ஆணையை ஊர்ப் பேச்சில் எழுதுவது

2022 ஜனவரியை எடுத்துக்கொள்ளலாம். ஒமிக்ரான் பரவிய நேரம். ஜனவரி 6 முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. வழிபாட்டுத் தலங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூடல். அப்புறம் பொங்கலும் தைப்பூசமும் வருகிறது என்று ஜனவரி 14 முதல் 18 வரை தொடர்ந்து மூடல். கல்யாணத்துக்கு 100 பேர், இறப்புக்கு 50 பேர். பக்கம் பக்கமாக வந்த ஆணை. அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். "அத்தியாவசியப் பணிகள் நீங்கலாக" என்ற வரியைப் படித்துவிட்டு மருந்துக்கடை திறந்திருக்குமா என்று கேட்க ஒரு வயசான பாட்டா நடந்தே அலுவலகத்துக்கு வருவார்.

அதே ஆணையை இப்படி எழுதலாம்:

"தமிழ்நாடு அரசு ஆணைப்படி ஊராட்சி அறிவிப்பு. எழுதிய நாள் ஜனவரி 12, புதன். ஜனவரி 18, செவ்வாய் வரை பொருந்தும்.

14 வெள்ளி முதல் 18 செவ்வாய் வரை கோயில், சர்ச், பள்ளிவாசல் எதிலும் பொதுமக்கள் உள்ளே போக முடியாது. வீட்டு முற்றத்தில் பொங்கலிடத் தடை இல்லை.

16 ஞாயிறு, காணும் பொங்கல் அன்று முழு ஊரடங்கு. கடற்கரைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ கிளம்ப வேண்டாம். பால் கிடைக்கும், மருந்துக்கடை உண்டு. ஹோட்டலில் பார்சல் மட்டும், காலை 7 முதல் இரவு 10 வரை. மீன், காய்கறி, பலசரக்கு எல்லாம் 15 சனிக்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் இரவு 10 முதல் காலை 5 வரை வெளியே நடமாடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக எந்த நேரமும் தடை இல்லை. 108-க்குக் கூப்பிடலாம். காய்ச்சல் பற்றிச் சந்தேகம் கேட்க 104.

குடிதண்ணீர் எல்லா நாளும் வழக்கமான நேரத்தில் வரும். 14, 16 இரண்டு நாளும் குப்பை வண்டி வராது, 17 திங்கள் காலையில் வரும்."

கடைசிப் பத்தியில் உங்கள் ஊர் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதில் கவனிக்க வேண்டிய சில சங்கதிகள் இருக்கின்றன. எந்த இடத்திலும் "நாளை", "வரும் ஞாயிறு" என்று எழுதக் கூடாது. வாட்ஸ்அப்பில் அது மூன்று நாள் சுற்றும். புதன்கிழமை எழுதிய "நாளை" வெள்ளிக்கிழமை படிப்பவருக்குச் சனிக்கிழமை ஆகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும், ஏனென்றால் தேதியை வைத்து யோசிப்பவர் பாதி, கிழமையை வைத்து யோசிப்பவர் பாதி. "மறு உத்தரவு வரும் வரை" என்று முடிக்காதீர்கள். எந்த நாள் வரை என்று ஆணையில் இருந்தால் அந்த நாளைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறிவிப்பு எந்த நாள் எத்தனை மணிக்கு வரும் என்பதைப் போடுங்கள்.

எது மூடியிருக்கும் என்பதற்குச் சமமாக, எது திறந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். "முழு ஊரடங்கு" என்று மட்டும் கேட்டுவிட்டு நெஞ்சுவலி வந்தவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தடை இல்லை என்ற ஒரு வரி ஒவ்வொரு அறிவிப்பிலும், எத்தனை தடவை சொல்லியிருந்தாலும், மறுபடியும் வரட்டும்.

கணக்குப் போடும் வேலையை மக்கள் தலையில் கட்டாதீர்கள். 2022 ஜனவரி 10-இல் 60 வயது தாண்டிய, இணைநோய் உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கை ஊசி (பூஸ்டர்) தொடங்கியது. இரண்டாவது ஊசி போட்டு 9 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அறிவிப்பில் 9 மாதம் என்று போட்டால் ஆளாளுக்கு விரலை மடக்கி எண்ணுவார்கள். "இரண்டாவது ஊசியை 2021 ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போட்ட, இணைநோய் உள்ள 60 வயது தாண்டிய பெரியவர்கள் இப்போது வரலாம், ஆதார் அட்டையும் பழைய ஊசிச் சான்றும் கொண்டு வாருங்கள்" என்று போட்டால் வேலை முடிந்தது.

எல்லையோர ஊர்களுக்கு

களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாதி வீட்டில் ஓடுவது மலையாள சேனல். 2021 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கேரளாவில் இரவுக் கட்டுப்பாடு போட்டார்கள். தமிழ்நாட்டில் அப்போது இரவு ஊரடங்கு கிடையாது, புத்தாண்டுக்குக் கடற்கரையில் மக்கள் கூடுவதற்குத்தான் தடை. நமக்கு இரவு ஊரடங்கு வந்தது ஜனவரி 6-இல். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, ராத்திரி ஆராதனைக்குப் போகலாமா கூடாதா என்று கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அதனால்தான் மாதிரி அறிவிப்பின் முதல் வார்த்தையே "தமிழ்நாடு" என்று இருக்கிறது. மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த வீடுகள் இருந்தால், அதே அறிவிப்பை மலையாளத்திலும் ஒரு தாளில் எழுதி அந்தத் தெருக்களில் கொடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் இறங்குவது பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கே ஒரு மாநிலம், வீடு வேறு மாநிலம். 2022 ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோரும் ஏழு நாள் வீட்டில் தனித்திருந்து எட்டாவது நாள் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. வந்து இறங்கிய பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை. பத்து நாள் லீவில் வருகிறவருக்கு ஏழு நாள் அதிலேயே போய்விடும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். எனவே இந்தச் செய்தியை அங்கே இருப்பவருக்குச் சேரும்படி அனுப்புங்கள். ஊர்க்காரர்களின் வளைகுடா வாட்ஸ்அப் குழு ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அதில் ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டால் போதும்.

கடலுக்குப் போனவர்களும் அப்படித்தான். தூத்தூர் பகுதிப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும். கிறிஸ்துமஸுக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்று பார்ப்பார்கள். பலர் கொச்சியிலோ முனம்பத்திலோ இறங்கி வேன் பிடித்து ஊருக்கு வருவார்கள். படகு உரிமையாளர் மூலமாகவோ வயர்லெஸ் வைத்திருப்பவர் மூலமாகவோ, இறங்கும் இடத்தில் என்ன விதி, ஊரில் என்ன விதி என்று இரண்டையும் அவர்கள் கரைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த நேரத்தில், எந்த வாயால்

காலை பத்து மணிக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுவது எல்லா இடத்திலும் வழக்கம். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மீன் விற்கும் பெண்கள் விடியுமுன்பே பாத்திரத்தோடு கிளம்பியிருப்பார்கள். முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கே போய்விடுவார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் ராத்திரி மூன்று நான்கு மணிக்கு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குப் போயிருப்பார், மத்தியானம் வந்து தூங்குவார். அவரைத் தூக்கத்தில் எழுப்பும் மைக்கை அவர் திட்டத்தான் செய்வார். எல்லோரும் வீட்டில் இருப்பது சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. ஆட்டோ அப்போது போகட்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்டோ ஓடிக்கொண்டே இருந்தால் பாதி வாக்கியம் ஒரு வீட்டுக்கும் மீதி அடுத்த வீட்டுக்கும் போகும். முக்கில் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டும். முழுதாக ஒருமுறை சொல்லி, கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடியும்படி எழுதுங்கள், தேதியும் நேரமும் வரும் இடத்தில் வாசிப்பவர் வேகத்தைக் குறைக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் நன்றாக வாசிக்கும் ஒரு அக்காவை வைத்து போனில் பதிவு செய்துகொள்வது எங்களுக்கு ரொம்ப ஒத்துவந்தது. தெருவில் எல்லோருக்கும் பழகிய குரல் என்பதால் நின்று கேட்டார்கள். அதே பதிவை வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிகளுக்கும் அது போய்ச் சேரும்.

தமுக்கடித்துச் சொல்லும் தண்டோரா வேண்டாம். 2022 ஆகஸ்டில் அரசு அதைத் தடுத்துவிட்டது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றது. நல்ல முடிவு. ஒரு சாதியைச் சேர்ந்தவரின் கையில் பறையைக் கொடுத்துத் தெருத்தெருவாக அனுப்பிய பழக்கம் அவசர காலத்தைச் சாக்கிட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது.

கடலோரத்தில் சர்ச் மைக் இருக்கிறது. உள்ளே மக்கள் கூடத் தடை இருந்த நாட்களிலும் கோபுரத்தில் இருக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லத் தடை இல்லை. பங்குத் தந்தையிடம் கேட்டால் மறுக்க மாட்டார். அதைவிடப் பலமானது அன்பியம், அதாவது பங்கு மக்களின் வீடுகளைச் சேர்த்து அமைத்த சின்னக் குழு. ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு, அவருக்குத் தன் வீடுகளில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் தனியாக இருக்கிறார் என்பது அத்துப்படி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டி, பள்ளிவாசலில் ஜமாத், கோயிலில் ஊர்வகைக் கமிட்டி. இவர்கள் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முதலிலும் இன்னொருவருக்கு மறுநாளும் போனால், "அவங்களுக்கு மட்டும் சொன்னீங்களா" என்ற மனத்தாங்கல் வரும், பண்டிகை நேரத்தில் அது பெரிதாகும். வழிபாட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்லும்போது மூன்று சமயத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், தனித்தனியாகப் பிரிக்காதீர்கள்.

அப்புறம், நம் ஆட்களை மறக்கக் கூடாது. டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள், கிராம சுகாதார செவிலியர். மக்கள் முதலில் கேட்பது இவர்களிடம்தான். "என்ன மக்ளே, நாளைக்கு கோயிலு உண்டா?" என்று குப்பை வாங்க வரும் பெண்ணிடம் கேட்பார்கள். அவருக்கு அறிவிப்பு தெரியாமல் இருந்தால் அந்தத் தெருவுக்கே தெரியாது. தாளை முதலில் அவர்கள் கையில் கொடுத்து, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டைச் சுட்டிக் காட்டாதீர்கள்

தொற்று வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தகரம் அடித்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பர் 9-இல், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படிப் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவிப்புக்கும் இது பொருந்த வேண்டும். தெருப் பெயரோடு "இன்னார் வீட்டில்" என்று எழுதக் கூடாது. "கப்பலிலிருந்து வந்தவர்", "சென்னையிலிருந்து வந்த குடும்பம்" என்று எழுதினாலும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். பண்டிகைக்கு ஆசையாக வந்தவரை ஊரே ஒதுக்கிவைத்தால், அடுத்து வருகிறவர் காய்ச்சலை மறைப்பார். அதுதான் ஆபத்து.

தனிமையில் இருக்கும் வீட்டுக்குத் தேவையானதை நேரே அவர்களுக்கே சொல்லுங்கள், ஒரு சின்னத் தாளில். முகக்கவசமும் நோயாளி பயன்படுத்திய பொருளும் தனிப் பையில் கட்டி வைக்கணும், மற்றக் குப்பையோடு போடக் கூடாது. மருந்து, பலசரக்கு வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடணும். எத்தனை நாள் தனிமை என்பது காலத்துக்குக் காலம் மாறும். 2022 ஜனவரியில் லேசான அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனையிலிருந்து ஏழு நாள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. அன்றைக்குள்ள விதியைச் செவிலியரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு கிறிஸ்துமஸ் கேக்கோ முந்திரிக்கொத்தோ வாசலில் வைத்துவிட்டு வர ஆள் இருந்தால் இன்னும் நல்லது. இதை எந்த ஆணையும் சொல்லாது, ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் அடுத்த தடவை உண்மையைச் சொல்லுவார்.

பழைய ஃபார்வர்டும் புதிய ஆணையும்

2020-இன் ஊரடங்குச் செய்தி 2021 டிசம்பரிலும் புதிது போல வலம் வந்தது. அதற்குப் பதிலாக "வதந்தியை நம்பாதீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால், எது வதந்தி என்று தெரியாது. சரியான செய்தியை முதல் வரியில் சொல்லி, அப்புறம் "இன்று சுற்றும் படத்தில் இருப்பது பழைய ஆணை" என்று ஒரே ஒரு வரி போதும். தவறான படத்தைத் திரும்பவும் அனுப்பி மேலே சிவப்புக் கோடு போடாதீர்கள், பார்க்கிறவர் மனதில் அந்தப் படம்தான் நிற்கும்.

அறிவிப்புக் குழுவில் எல்லோரும் பேசும்படி வைக்கக் கூடாது. அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். கேள்விக்கு ஒரு தனி எண் கொடுங்கள், எந்த நேரம் எடுப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கட்டாயம் எடுங்கள்.

தளர்வையும் இதே அக்கறையோடு அறிவிக்க வேண்டும். தடையைச் சொல்ல ஆட்டோ விடுகிறோம், தடை போனதைச் சொல்ல யாரும் விடுவதில்லை. 2022 ஜனவரி 28 முதல் இரவு ஊரடங்கு எடுக்கப்பட்டது, 30 ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் இல்லை, பிப்ரவரி 1-இல் பள்ளிக்கூடம் திறந்தது. வியாழக்கிழமை இந்த ஆணை வந்தால் அன்று சாயங்காலமே மைக் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சரக்கு எடுக்கலாமா என்று மீன்காரப் பெண் அன்றிரவே முடிவு செய்ய வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் ஆள் விட்டு, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், சர்ச் சுவர், பால் சொசைட்டி என்று ஒட்டிய இடமெல்லாம் பழைய நோட்டீஸைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிடுங்கள். எங்கெங்கே ஒட்டினோம் என்று ஒட்டும்போதே எழுதி வைத்தால்தான் இது நடக்கும்.